எட்டு மாதம் கழற்றாத போல்ட்டுகள்

நேற்று மதியம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். ஸ்ரீ கெம்பாங்கானில் உன் புது கொண்டோ வீட்டின் பின்பக்கத்தில், கல்யாணத்துக்குப் பிறகு நீயும் கவிதாவும் வாங்கிய வாஷிங் மெஷின் முதுகு திறந்து கிடக்கிறது. பக்கத்தில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய ஸ்க்ரூ. உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது, வெளியேற மாட்டேன் என்கிறது, துணியைப் பிழியவும் மாட்டேன் என்கிறது, நாலு நாளாகிறது என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘அண்டர் கண்ட்ரோல்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். உன் அப்பா அதற்கு மூன்று கட்டைவிரல் அனுப்பினார். அனுப்பிவிட்டு சோபாவில் உட்கார்ந்து அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ‘பயமே இல்லாம பிரிச்சிருக்கான் பாரு. என் பிள்ள’ என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து தன் கருவிப்பெட்டியோடு உன் வீட்டுக்கு வருவதாக முடிவும் செய்துவிட்டார். அதற்கு முன்னால் உன் கையில் கிடைக்கட்டும் என்றுதான் இதைத் தபாலில் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ‘ஓகே மா’ என்பாய். காகிதத்தில் எழுதினால், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தாவது முழுதாகப் படிப்பாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி வலி வழக்கம்போல் இருக்கிறது. மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் மெஷினைப் பற்றி அல்ல, நம் பழைய மெஷினைப் பற்றி. நீ ஆறாம் ஆண்டு படிக்கும்போது கிள்ளான் பிளாட்டுக்கு வந்து, எட்டு மாதம் நம் சமையலறையில் நடந்து திரிந்த மெஷின். அந்தக் கதையை நீ எத்தனை முறை கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. உன் கல்யாண விருந்துக்கு பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்த சம்பந்தியிடம்கூட, பிரியாணி ஆறிப்போகும்வரை உன் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரன் கழற்ற வேண்டிய போல்ட்டைக் கழற்றாமல் அனுப்பிவிட்டான், நாங்கள் பாவம் அவதிப்பட்டோம், கடைசியில் உன் அப்பாதான் கழற்றிச் சரிசெய்தார் என்று முடியும். நீயும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கதையில் இருந்து ஒரு ஆளை எடுத்துவிட்டார்கள். அந்த ஆள் நான். எடுத்தவர்களில் ஒருத்தியும் நானேதான்.

அப்போது நான் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் பதிவு கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா போர்ட் கிள்ளான் போகிற வழியில் இருந்த லோரி பட்டறையில் போர்மன். அதற்கு முன்னால் வைத்திருந்த மெஷின் நின்றுபோனதும் அவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மேலே மூடி திறக்கிற மெஷின் வேண்டும், என்னால் குனிந்து துணி எடுக்க முடியாது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அவர் ‘ம்’ என்றார், அதுவும் மூன்று முறை. அடுத்த சனிக்கிழமை பட்டறை லோரியில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. முன்னால் வட்டக் கண்ணாடி வைத்த மெஷின். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். ‘எப்படி? கண்ணாடி வழியா துணி சுத்துறத பாத்துக்கிட்டே இருக்கலாம்’ என்றார் உன் அப்பா. என்னை சந்தோஷப்படுத்தத்தான் வாங்கியிருந்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் முகம் அன்றைக்கு அப்படி மலர்ந்திருந்தது. துணி சுற்றுவதை உட்கார்ந்து பார்க்க எனக்கு எங்கே நேரம் என்று நான் கேட்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த கையேட்டை அவர் என் பக்கம் போட்டார். நான் அந்தக் காலத்திலிருந்தே எதையும் படிக்காமல் விடமாட்டேன், மருந்துப் புட்டியின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பெரிய படம். லோரியில் வரும்போது உள்ளே டிரம் ஆடி உடையாமல் இருக்க, மெஷினின் முதுகில் நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறது, ஓட்டுவதற்கு முன் அந்த நான்கையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் குதிக்கும், நகரும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் புத்தகத்தை விரித்தபடியே சமையலறைக்குப் போனேன். ‘இங்க பாருங்க, இதுல என்ன போட்டிருக்குன்னா’ என்று ஆரம்பித்தேன். உன் அப்பா ஹோஸை முடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ‘பத்து டன் லோரி இஞ்சினையே பிரிச்சு மாட்டுறேன், இது துணி தொவைக்கிற டின்னு லா. நீ அத படிச்சு பரீட்சையா எழுதப் போற? மெஷின நான் பாத்துக்குறேன், நீ போய் டீ போடு’ என்றார். அந்த இரண்டு ஆட்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. மூன்று மாடி தூக்கிய களைப்பில், போர்மன் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்த சிரிப்பு. நான் புத்தகத்தை மூடினேன். போய் டீ போட்டேன். சர்க்கரைகூட அளவாகத்தான் போட்டேன். ஆனால் அந்தப் போல்ட் விஷயத்தை அவரிடம் சொல்வதில்லை என்று தண்ணீர் கொதிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஒரு நாள் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முதல் துவையல் அன்றே அவருக்குத் தெரிந்துவிடும், என்னிடம் வருவார், அப்போது புத்தகத்தை எடுத்து நீட்டலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் துவையலில் துணி பிழிய ஆரம்பித்ததும் கப்பல் துறைமுகத்தில் மோதியதுபோல் ஒரு சத்தம். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. மெஷின் இருந்த இடத்தை விட்டு இரண்டு அடி முன்னால் வந்து நின்றது. உன் அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘தரை சரிவா இருக்கு’ என்றார். மறுநாள் பட்டறையிலிருந்து மட்டம் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வாகத்தான் காட்டியது. அவ்வளவுதான், அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

லோரி டயரை வெட்டி நான்கு காலுக்கும் ரப்பர் செருப்பு செய்து போட்டார். மெஷின் செருப்போடு நடந்தது. முன்னால் செங்கல் அடுக்கினார். செங்கல்லைத் தள்ளிக்கொண்டு நடந்தது. பலகையில் நான்கு குழி தோண்டி அதில் காலை இறக்கினார், பலகையும் சேர்ந்து வந்தது. பத்து கிலோ அரிசிப் பை இரண்டைத் தலையில் ஏற்றினார், ஒன்று கிழிந்து ஒரு வாரம் நாங்கள் அரிசி மிதித்துக்கொண்டு சமையலறைக்குப் போனோம். கடைசியில் தானே ஏறி உட்கார்ந்தார். அது வேலை செய்தது. ஆள் உட்கார்ந்தால் மெஷின் நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே நடுங்கியது. அப்போது ஒரு நிமிடமாவது நான் சொல்லியிருக்கலாம். குலுங்கிக் குலுங்கி, கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி இறங்கி, ‘இ-ப்-போ ச-ரி-யா-யி-ரு-ச்-சு பா-ரு’ என்று அவர் சொன்னபோது நான் பால்கனிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு அவர் வேலைக்குப் போகிற நாளில் அந்த இடத்துக்கு உன்னை உட்கார வைத்தார். அங்கேதான் நான் உனக்குச் செய்த தப்பு ஆரம்பிக்கிறது.

சும்மா உட்கார அலுப்பாக இருக்கிறது என்று நீ வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாய். நானும் நல்லது என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து உன் வகுப்பு ஆசிரியை ஒரு குறிப்பு அனுப்பினார். மாணவனின் கையெழுத்து சில நாட்களில் நன்றாகவும் சில நாட்களில் கடுமையான நடுக்கத்தோடும் இருக்கிறது, டாக்டரிடம் காட்டவும் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? காரணம் தெரிந்திருந்தும் உன்னை எங்கள் கிளினிக் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையை நீட்டச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், முட்டியில் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ‘பையன் பஸ்ல உக்காந்து ஹோம்வொர்க் எழுதுறானா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘லோரில?’ என்றார். நீ வாயைத் திறந்தாய், நான் உன் காலை மிதித்தேன். அந்த மிதிக்கு இப்போது, பதினைந்து வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் அப்போதும் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் சின்னச் சண்டை. நாலு மாதம் கழித்துச் சொன்னால் அது என் குற்றம். ‘இத்தன நாள் ஏன் சொல்லல’ என்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் இன்னும் ஒரு நாள் தள்ளினேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சொல்லாமல் இருப்பது மட்டும் தன்பாட்டில் தொடர்ந்தது. வீட்டில் ஒரு விஷயத்தைப் பேசாமல் விட்டால், பேசாமல் இருப்பதே ஒரு பழக்கமாகிவிடுகிறது, தம்பி. மேலே மூடி வைத்த மெஷின் கேட்டேனே என்று சொல்லவில்லை, போல்ட்டைச் சொல்லவில்லை. பிறகு கிளினிக்கில் நடந்ததைச் சொல்வதும் குறைந்தது. எனக்குச் சம்பளம் கூடியதை அவர் மூன்று வாரம் கழித்து உன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் நினைத்திருக்கிறார், அது பிறகுதான் தெரிந்தது.

கீழ் வீட்டு மிஸ்டர் சோங்கை உனக்கு நினைவிருக்கும். அவர் அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழாட்களுக்கு மளிகைக் கடை வைத்திருந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் வீட்டுக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து மீன் தொட்டியில் விழுகிறது என்று இரண்டு முறை மேலே வந்தார். மிகவும் மரியாதையானவர். முதல் முறை, ‘பாஸ், வீட்டுலயும் பட்டறை தொறந்துட்டீங்களா?’ என்று கேட்டார். இரண்டாம் முறை மீன்கள் சாப்பிட மாட்டேன் என்கின்றன என்றார். உன் அப்பா அவரை உட்கார வைத்து, பிளாட் கட்டியவன் தரையைச் சரிவாகக் கட்டிவிட்டான் என்று விளக்கம் கொடுத்து அனுப்பினார். நான் அவருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சனிக்கிழமை காலையில் எல்லாம் வெளியே வந்தது. உன் அப்பாவின் அக்கா, உன் கேரி தீவு அத்தை, முறுக்கு சுட உதவிக்கு வந்திருந்தார். அத்தை குளியலறைக்குள் போனார். நம் குளியலறைக் கதவு சமையலறைப் பக்கம் வெளியே திறக்கும். முதலில் உள்ளேதான் திறந்தது, உள்ளே இடம் பற்றவில்லை என்று உன் அப்பாதான் அதைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் மேலே உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து போன் வந்தது. ‘ஒரே நிமிஷம்’ என்று இறங்கி ஹாலுக்குப் போனார். அந்த ஒரு நிமிடத்தில்தான் துணி பிழிய ஆரம்பித்தது.

நான் ஹாலில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சத்தம் நகர்ந்துகொண்டே போவது கேட்டது. பிறகு ஒரு இடி. பிறகு அமைதி. போய்ப் பார்த்தால் மெஷின் சமையலறையைக் குறுக்கே கடந்து, குளியலறைக் கதவுக்கும் சிங்க் மேடைக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் நிற்கிறது. பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றில் தண்ணீர், ஈரத்துணி. உன் அப்பாவும் நானும் நீயும் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை. உள்ளேயிருந்து அத்தை, ‘யாரது கதவ புடிச்சிக்கிட்டு இருக்கறது?’ என்றார். ‘மெஷின்க்கா’ என்றார் உன் அப்பா. அத்தை உள்ளேயிருந்து கதவை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு, ‘அத நகரச் சொல்லு’ என்றார்.

முதல் பத்து நிமிடம் அத்தை பொறுமையாக இருந்தார். அடுத்த பத்து நிமிடம் தேவாரம் பாடினார். அதற்கடுத்து, தனக்கு ஏதாவது ஆனால் கேரி தீவு வீட்டை யார் பேருக்கு எழுதியிருக்கிறார் என்று கதவு வழியாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரத்தில் மிஸ்டர் சோங் வந்தார். ‘சத்தம் பாதில நின்னுச்சு. எப்பவும் நிக்காது. யாருக்கோ என்னமோ ஆயிருச்சின்னு பயந்து வந்தேன்’ என்றார். நான்கு பேரும் சேர்ந்து மெஷினைச் சாய்த்து, பாதி திருப்பினோம். கதவு ஒரு சாண் திறந்தது. மெஷினின் முதுகு வெளிச்சத்துக்கு வந்தது. மிஸ்டர் சோங் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ‘பாஸ், இந்த போல்ட்ட கழட்டவே இல்லயா? இது லோரில ஏத்தி வர்றதுக்குப் போட்டது லா. என் மகன் வீட்டு மெஷின்ல நான்தான் கழட்டுனேன்’ என்றார்.

உன் அப்பா அந்த நான்கு போல்ட்டையும் பார்த்தார். முப்பது வருடமாக லோரியில் சரக்கு ஆடாமல் கட்டுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். ஸ்பேனரை எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மெஷினை இன்னும் கொஞ்சம் தள்ளியதும், கதவைத் திறந்துகொண்டு அத்தை தலையில் துண்டோடு வெளியே வந்தார். தம்பியின் கையைப் பார்த்தார். ‘கட்டுன கயித்த அவுக்காமயே எட்டு மாசம் வண்டி ஓட்டிருக்கியா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு முறுக்கு மாவைப் பார்க்கப் போய்விட்டார். பிளக்கை மாட்டி மெஷினைப் போட்டோம். பூனைபோல் ஓடியது. அந்தச் சத்தமின்மை இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தலைகுனிவு வந்தால் உன் அப்பாவுக்கு அதை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும், உனக்கும் அந்தக் குணம் உண்டு. போல்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அன்று மதியமே கடைக்குக் கிளம்பினார். சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் தீபாவளிக் கூட்டம். மெஷினை விற்ற பையன், இருபது இருபத்தொரு வயது இருக்கும், எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தான். உன் அப்பா பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். ‘இத கழட்டணும்னு ஏன் சொல்லல?’ என்று ஆரம்பித்து, அக்கா குளியலறைக்குள் மாட்டிக்கொண்டது வரை சொல்லி முடித்தார். பையன் பயந்துபோய், ‘அங்கிள், கையேட்டுல போட்டிருக்கும் அங்கிள்’ என்றான். உள்ளேயிருந்து முதலாளி வந்தார். வாடிக்கையாளர்கள் முன்னால் பையனை மலாயில் பிடிபிடி என்று பிடித்தார். போன மாதமும் இப்படித்தான், நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது. உன் அப்பாவுக்கு அது இன்னும் தெம்பைக் கொடுத்தது. என் பக்கம் திரும்பி, ‘கையேட்டுல ஒண்ணும் இல்ல. இவ எல்லாத்தையும் வரி விடாம படிக்கிறவ. சொல்லு, நீதான் படிச்சியே, அதுல இருந்துச்சா?’ என்றார்.

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். காதெல்லாம் சிவந்து, கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையாட்டினால் போதும், நாங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். ‘இருந்துச்சு,’ என்றேன். ‘மூணாம் பக்கம். படம் போட்டு.’

உன் அப்பா கவுண்டர் பக்கம் திரும்பினார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டார். முதலாளியிடம், ‘உங்க ஆளு மேல தப்பில்ல பாஸ். அவர ஒண்ணும் சொல்லாதீங்க’ என்றார். பையனிடம், ‘சாரி தம்பி, என் தப்பு’ என்றார். அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. காரில் ஏறினோம். கடைத்தெரு தாண்டினோம், ஆற்றுப் பாலம் தாண்டினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே, ‘எட்டு மாசம்’ என்றார்.

‘சொல்லத்தான் வந்தேன். டீ போடுன்னு சொன்னீங்க’ என்றேன்.

‘எப்போ?’

‘மெஷின் வந்த அன்னைக்கு. ஆளுங்க முன்னால. படிச்சு பரீட்சையா எழுதப் போறன்னு கேட்டீங்க. அவங்க சிரிச்சாங்க.’

அவர் யோசித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். அவருக்கு அது நினைவில் இல்லை. நடிக்கவில்லை, அந்த மனிதருக்கு நடிக்கத் தெரியாது. எட்டு மாதமாக நான் ஒவ்வொரு துவையலுக்கும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வார்த்தை, சொன்னவருக்கு அன்று சாயங்காலமே மறந்துபோயிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் போய் ஓரமாக ஒரு மாமாக் டீக்கடை முன்னால் காரை நிறுத்தி இறங்கிப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் தே தாரேக். ஜன்னல் வழியாக ஒன்றை என்னிடம் நீட்டி, ‘இன்னைக்கு டீ நான் வாங்குனேன். இப்ப சொல்லு, வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்க’ என்றார். சொன்னேன். சம்பளம் கூடியதிலிருந்து, உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது வரை. டாக்டர் கதையில் அவர் சிரிக்க ஆரம்பித்தவர், டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். பிறகு நிறுத்தி, ‘சம்பள விஷயம் மட்டும் பையன் சொல்லித் தெரிஞ்சப்போ ஒரு மாதிரி ஆயிருச்சு’ என்றார். அது அவருடைய போல்ட். அவரும் சொல்லாமல்தான் வைத்திருந்தார்.

வெளியே சொல்கிற கதையில் கடைக்காரன் தப்பு என்று மாற்றிக்கொள்ளலாம் என்று அன்றே பேசி வைத்தோம். அவருக்குப் பட்டறையில் முகம் வேண்டும், எனக்கு உன் முன்னால் முகம் வேண்டும். பிறகு அந்தக் கடையும் மூடிவிட்டது, இனி யாருக்கும் நஷ்டமில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னதில், அதில் உபயோகமான பகுதி மட்டும் உன் காதுக்கு வராமலே போய்விட்டது. அதற்குப் பிறகு உன் அப்பா மகான் ஆகிவிட்டார் என்று நினைக்காதே. இப்போது எதை வாங்கினாலும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக எனக்குப் படித்துக்காட்டுகிறார், போன வாரம் ஒரு டார்ச்லைட்டுக்கு இருபது நிமிடம் ஆனது. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியும். தரை உண்மையிலேயே சரிவுதான் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நேற்று உன் படம் வந்து ஒரு மணி நேரம் கழித்து கவிதா எனக்குப் போன் செய்தாள். தீபாவளிக்கு என்ன புடவை வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். பின்னால் ஏதோ இரைச்சல் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றேன். ‘கீழ டோபி கடைல இருக்கேன் அத்தை, அங்கயே மெஷினெல்லாம் வச்சிருக்காங்க. துணியெல்லாம் தூக்கிட்டு வந்துட்டேன். காசு போட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்’ என்றாள். ‘அவன் இன்னும் பிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கானா?’ என்றேன். சிரித்தாள். ‘அத்தை, என்ன பிரச்சினைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். எங்கம்மா வீட்டு மெஷினும் இதே மாதிரி நின்னிருக்கு. சொல்லத்தான் போனேன். ஐ ஹேண்டல், நீ போய் உன் வேலைய பாருன்னாரு. சரி, ஹேண்டல் பண்ணட்டும்னு விட்டுட்டேன்’ என்றாள். நானும் சிரித்தேன். என்ன கோளாறு என்று அவள் சொன்னபோது இன்னும் சிரித்தேன். ‘தெனமும் துணி தூக்கிட்டு இறங்கி ஏற கஷ்டமா இல்லயாம்மா?’ என்று கேட்டேன். ‘இல்ல அத்தை, இங்க நல்லாத்தான் இருக்கு. யாரும் பேச மாட்டாங்க. நிம்மதியா இருக்கு’ என்றாள்.

போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. மற்றதைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி அவள் பேசும்போது குரலில் பிரியம் இருந்தது. அதனால்தான் பயந்தேன். எனக்கும் பிரியம் இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், கொடுத்துவிட்டு மீறியிருப்பேன். என்மேல் கோபம் வந்தால் அவள் என்னிடம் நேராகச் சொல்லட்டும், அதுவும் நல்ல பழக்கம்தான்.

இதைப் படித்து முடித்ததும் கீழே போ. அவள் அங்கே இருந்தால் பக்கத்து நாற்காலியில் உட்கார். உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். கேட்டுவிட்டு அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே, ‘அதுவா, அது நான் அப்பவே பாத்துட்டேன்’ என்று சொல்லிவிடாதே. அவள் சிரித்தால் நீயும் சிரி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை. உன் அப்பாவை நான் கேரி தீவுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன், அத்தை வீட்டு பம்ப் ஓடவில்லையாம். அது ஓடுகிறது, நான்தான் அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மெஷினுக்கு என்ன கோளாறு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நிமிட வேலை, ஸ்பேனரே வேண்டாம் என்பது மட்டும் சொல்கிறேன். எனக்குப் போன் செய்து கேட்காதே, எடுக்க மாட்டேன். உன் அப்பாவைக் கேட்டும் பயனில்லை, மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். விஷயம் தெரிந்த ஆள் உன் வீட்டில்தான் இருக்கிறாள். போய்க் கேள்.

உன் அம்மா